கல்யாணப் பெண்ணின் அக்காவுக்கு ஒரு புடவை

மகளே,

போன வாரம் கடைக்கு வந்தபோது நீ கட்டியிருந்த அந்தப் பச்சை ஜார்ஜெட் புடவையை முதல் வேலையாக யாருக்காவது கொடுத்துவிடு. சுகமாக இருக்கிறாயா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்றெல்லாம் கேட்டுத்தான் ஒரு தகப்பன் கடிதத்தை ஆரம்பிக்க வேண்டும். அது எனக்கும் தெரியும். ஆனால் நான் காஞ்சிபுரத்துப் பட்டுக்கடையில் புடவை விரித்தே தலை நரைத்தவன். ஒரு பெண் படியேறி வந்தால் அவள் முகத்துக்கு முன்னால் அவள் புடவைதான் என் கண்ணில் படும். உன்னையும் அப்படித்தான் பார்த்தேன். பச்சை முகத்துக்கு எடுக்கவில்லை, கொசுவம் எதிர்ப்பக்கம் திரும்பியிருக்கிறது, கீழ்க்கரை கணுக்காலுக்கு மேலே ஏறி நிற்கிறது, யார் வீட்டுப் பெண்ணோ, பக்கத்தில் நின்று கட்டிவிட ஆள் இல்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டே நிமிர்ந்தேன். பார்த்தால் நீ. அதற்குப் பிறகு எனக்குப் புடவை கண்ணில் படவில்லை.

இதையெல்லாம் நேரில் சொல்ல முடியவில்லை. போனில் சொல்லலாம் என்றால் உன் நம்பர் இல்லை. பழைய நம்பரில் இப்போது யாரோ ஒருவர் பேசுகிறார், என் குரலைக் கேட்டாலே ராங் நம்பர் என்று சொல்லிப் பழகிவிட்டார். விலாசமும் தெரியாது. அதனால்தான் எல்லோரும் படிக்கிற இடத்தில் பெயர் போடாமல் எழுதுகிறேன். உன் கண்ணில் படலாம். படாது என்றுதான் நினைக்கிறேன். ஊர்க்காரர்கள் கண்டுபிடித்துவிடுவார்களோ என்று பெரிதாகப் பயமும் இல்லை, காந்தி ரோட்டில் தோளில் புடவையைப் போட்டுக்கொண்டு நிற்கும் ஆம்பளைகளுக்குப் பஞ்சமே கிடையாது. மற்றவர்கள் படித்தால் குழம்பக் கூடாது என்பதற்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தது பையன் என்று பெயர் வைத்து வளர்த்தோம். அந்தப் பிள்ளை, தான் பையன் இல்லை, பெண் என்று சொன்னது. சொன்ன பிறகு வீட்டில் இருக்க வழியில்லாமல் சென்னைக்குப் போய், இன்று பெண்ணாகவே வாழ்கிறது. அதுதான் நீ. இளையவள் உன் தங்கை. அவளுக்கு அடுத்த மாதம் கல்யாணம். அந்தக் கல்யாணத்துக்கு உன்னை அழைக்கிற கடிதம் இது இல்லை. கடைசியில் அப்படி ஒரு வரி வரும் என்று நம்பிப் படித்துக்கொண்டு போகாதே.

பட்டுக்கடை முறை உனக்குத் தெரியும். புடவையைப் பெண்கள் தங்கள் மேல் வைத்துப் பார்ப்பதற்கு முன்னால் விற்கிறவன் தன் மேல் போட்டுக் காட்ட வேண்டும். மீசை, விபூதி, வெள்ளைச் சட்டை, அதற்கு மேலே மாம்பழ மஞ்சளில் அரக்குக் கரை. கொசுவத்தை ஒரு கையால் இடுப்பில் பிடித்து, முந்தானையைத் தோளில் சரியவிட்டு, கண்ணாடிக்கு முன்னால் லேசாகத் திரும்பி நிற்பேன். ஒருத்தரும் சிரித்ததில்லை. கல்யாண வீட்டார் வரிசையாக உட்கார்ந்து, "அழகா இருக்குதே" என்று என்னைப் பார்த்துச் சொல்வார்கள். பொழுது சாய்ந்ததும் ஷேர் ஆட்டோ பிடித்து ஐயம்பேட்டைக்கு வந்து, கைகால் கழுவி, வீட்டுக்குப் பெரிய மனுஷனாகச் சாப்பிட உட்காருவேன். மீசைக்காரன் ஒருத்தன் நாள் முழுக்கப் புடவை போட்டுக்கொண்டு நின்றால் அது சம்பளம். அவன் பிள்ளை ஒரே ஒரு தடவை போட்டுக்கொண்டால் மானக்கேடு. இது ஏன் என்று என்னிடம் கேட்காதே. யோசித்துப் பார்த்துவிட்டேன், எனக்கு விளங்கவில்லை.

பள்ளிக்கூட லீவில் உன்னைக் கடைக்குக் கூட்டிப் போவேன். தரையில் நாங்கள் புடவை விரிக்கிற மெத்தையின் ஓரத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு ஒவ்வொரு புடவையாகப் பார்ப்பாய். ஒரு நாள் ஓர் அம்மா இரண்டு புடவைகளைக் கையில் வைத்துக்கொண்டு எதை எடுப்பது என்று தெரியாமல் திண்டாடினார். நீ என் சட்டையைப் பிடித்து இழுத்துக் காதில் சொன்னாய், "அப்பா, அவங்க மூக்குத்தி சேப்புக் கல்லு. அந்த சேப்புக் கரையே குடுப்பா." கொடுத்தேன். அந்த அம்மா கண்ணாடியைப் பார்த்து ஒரு தடவை தலையசைத்துவிட்டு அதையே எடுத்துக்கொண்டு போனார். அன்றைக்கு டீக்கடை வரைக்கும் போய்ப் பெருமையடித்தேன், என் பிள்ளை கண்ணு கடைக்காரன் கண்ணு என்று. உன்னை அந்த மெத்தையில் உட்கார வைத்துத் தட்டிக்கொடுத்தது நான்தான். நீ அங்கே என்ன பார்க்கிறாய் என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

பிறகு நீ ஏனாத்தூரில் காலேஜுக்குப் போன நாட்களில், உன் பைக்குள் ஒரு சுடிதார் செட் இருந்ததை அம்மா கண்டுபிடித்தாள். ரோஜா நிறம், கழுத்தில் மணி தைத்தது. அவள் அதை அப்படியே வெந்நீர் அடுப்பில் போட்டாள். நீ கதவோரத்தில் நின்றாய். நான் அடுப்புக்குப் பக்கத்தில் நின்றேன். அது எரியவில்லை, உருகி விறகோடு ஒட்டிக்கொண்டது. அப்போது எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? போயும் போயும் நைலானா வாங்கினாய் என்றுதான் தோன்றியது. உன் வாழ்க்கையே அடுப்பில் போய்க்கொண்டிருந்தது, நான் துணியின் தரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சரி, அந்தப் பாடத்தையாவது முழுசாகச் சொல்லிவிடுகிறேன். துணி வாங்கும்போது சந்தேகம் வந்தால் ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி நெருப்பில் காட்டு. பருத்தி, காகிதம் எரிகிற வாசனையோடு சாம்பலாகும். பட்டு, முடி கருகுகிற நாற்றம் அடிக்கும். நைலான் உருகி உருண்டையாகும். நம் ஊர் வெயிலில் உருண்டையாகிற எதையும் உடம்பில் போடாதே.

போன வாரம் உன் கைப்பையிலிருந்து அடையாள அட்டையின் நாடா ஒன்று நீலமாக வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. ஆபீஸ் வேலை என்று தெரிந்துகொண்டேன். என்ன வேலை என்று தெரியாது. எதுவானாலும், தினமும் நாலு பேர் பார்க்கிற இடத்துக்குப் போகிறவள் பீரோவை இப்படித்தான் நிரப்ப வேண்டும். முதலில் பட்டு வாங்காதே. சம்பளம் வந்ததும் ஓடிப்போய்ப் பட்டு எடுத்து, மறுநாள் கட்ட ஒரு நல்ல பருத்தி இல்லாமல் நிற்கிறவர்கள் நிறையப் பேர். பருத்தியில் ஒரே நிறமாக, மெல்லிய கரையோடு, இரண்டு மூன்று எடு. ஒன்று கருநீலம், ஒன்று செங்கல் நிறம், ஒன்று சந்தனம். இவை இருந்தால் மழைக்காலம், மேனேஜர் திட்டும் நாள், யாரோ ஒருத்தரின் பிரிவு உபசார விழா எல்லாவற்றையும் ஓட்டிவிடலாம். அவசரத்துக்குச் சுடிதார் போட்டுக்கொள், தப்பில்லை, ஆனால் துப்பட்டாவைக் கழுத்தைச் சுற்றி மாலை மாதிரி போட்டுக்கொண்டு அலையாதே. கஞ்சி போட்ட புடவையை முதல் நாள் கட்டினால் உப்பிக்கொண்டு நிற்கும், இரண்டாம் நாள்தான் சொன்ன பேச்சைக் கேட்கும். முக்கியமான ஆளைப் பார்க்கப் போகிற நாளுக்கு இரண்டாம் நாள் புடவையை வைத்துக்கொள். பீரோ நிறையத் துணி இருப்பதால் ஒருத்தி நன்றாக உடுத்துகிறவள் ஆகிவிட மாட்டாள். கையை விட்டால் எது வந்தாலும் கட்டிக்கொண்டு போகலாம் என்று இருக்க வேண்டும்.

இப்போது உன் உடம்பு. நீ என் உயரம், என் தோள். அதற்கு நான் ஒன்றும் செய்ய முடியாது, மன்னித்துக்கொள். உயரமான பெண்கள் எல்லோரும் செய்கிற தப்பைத்தான் நீயும் செய்திருந்தாய். புடவையின் நீளத்தைக் கேட்டு வாங்குகிறார்கள், அகலத்தைக் கேட்பதில்லை. அகலம் குறைந்தால் எப்படி இழுத்துக் கட்டினாலும் கணுக்கால் தெரியும். கடையில் விரிக்கும்போதே எழுந்து நின்று இடுப்பிலிருந்து தரை வரைக்கும் விட்டுப் பார். உள்பாவாடையை வயிற்றில் கட்டாதே, இடுப்பெலும்பில் கட்டு, அங்கேயே இரண்டு விரல் அகலம் கிடைக்கும். நாடாவை இறுக்கிக் கட்டு, ஆனால் தடம் விழாதபடி. பெரிய கரையைப் பார்த்துப் பயப்படாதே. குள்ளமானவர்கள்தான் பயப்பட வேண்டும். உன் உயரத்துக்கு முழம் அகலக் கரையும் தாங்கும். தோள் அகலம் என்று நினைத்து முந்தானையை விரித்துப் போட்டு மூடிக்கொள்ளாதே, மூடினால்தான் இன்னும் அகலமாகத் தெரியும். மடிப்பு மடிப்பாக எடுத்து, தோள் முனையில் இல்லாமல் கழுத்துப் பக்கமாக நாலு விரல் உள்ளே தள்ளிக் குத்து. ஊசியைப் பட்டின் மேல் குத்தாமல் உள்பக்கம் ரவிக்கையோடு சேர்த்துப் பிடி. கொசுவம் இடது பக்கம் பார்க்க வேண்டும். கடைசியாக ஒரு தடவை குனிந்து முன்பக்கக் கீழ்க்கரை தரையோடு சமமாக இருக்கிறதா பார். உனக்கு இதையெல்லாம் உன் அம்மா பாவாடை தாவணி வயதிலேயே சொல்லியிருக்க வேண்டும். உன் தங்கைக்குச் சொன்னாள்.

ஜாக்கெட் விஷயத்தில்தான் நீ மோசம் போயிருந்தாய். ரெடிமேட் ஜாக்கெட், அக்குளில் இழுக்கிறது, முதுகில் தொங்குகிறது. எவ்வளவு விலை உயர்ந்த புடவையையும் இழுக்கிற ஜாக்கெட் கவிழ்த்துவிடும். உன் தோளுக்கு முழங்கை வரைக்கும் கை வை, பஃப் கை வேண்டவே வேண்டாம். ஒவ்வொரு புடவைக்கும் மேட்சிங் தேடி அலையாதே. அரக்கு, கடுகு மஞ்சள், கருப்பு என்று மூன்று ஜாக்கெட் நல்ல தையல்காரரிடம் தைத்துக்கொண்டால் பீரோவில் உள்ள பாதிப் புடவைக்கு அதுவே போதும். நல்ல தையல்காரர் டேப்பை நம்ப மாட்டார். ஒட்டி உட்காருகிற பழைய ஜாக்கெட் ஒன்றைக் கொண்டு வா என்பார். அளவு ஜாக்கெட். நம் தெருத் தையல்காரர் வைத்திருக்கும் மூட்டையில் உன் அம்மாவுடையது, உன் தங்கையுடையது எல்லாம் இருக்கிறது. உன்னுடையதை ஒன்று அனுப்பு, நான் தைத்து வைக்கிறேன் என்று எழுதத்தான் ஆசை. எங்கே அனுப்பச் சொல்வேன்? வீட்டுக்கு வந்தால் அம்மா பிரிப்பாள். கடைக்கு வந்தால் எல்லோரும் பிரிப்பார்கள். தைத்தாலும் அதை எங்கே அனுப்புவேன்?

நிறத்தைப் பற்றி ஒன்றே ஒன்று. நம் மாநிறத்துக்கு எடுக்காத நிறம் கிடையாது. பளபளப்பும் வெளிறிப்போன நிறமும்தான் எடுக்காது. அந்தப் பச்சையில் தப்பு பச்சை இல்லை, மினுக்கு. இலைப் பச்சை, மயில் கழுத்து, வாடாமல்லி, அரக்கு எல்லாம் உன் மேல் பேசும். ஆனால் கடை விளக்கில் எந்த நிறத்தையும் நம்பாதே. நாங்களே நம்ப மாட்டோம். விளக்கில் நீலமாக இருந்தது வெளியே போனால் கறுப்பாக இருக்கும், கல்யாணப் புடவையில் கறுப்பு வந்துவிட்டால் மாமியார் வீட்டுக்காரர்கள் வாரக்கணக்கில் பேசுவார்கள். விவரம் தெரிந்தவர்கள் புடவையைத் தூக்கிக்கொண்டு வாசல்படிக்குப் போய் வெயிலில் பார்த்துவிட்டு வருவார்கள். நீயும் கேள். எந்தக் கடைக்காரனும் மறுக்க மாட்டான். அன்றைக்கு உன்னை வாசல் வெளிச்சத்துக்குப் போய்ப் பாருங்கள் என்று நான் சொல்லவில்லை. உள்ளேயே இருக்கட்டும், யாரும் பார்க்கக் கூடாது என்று நினைத்தேன். அதுதான் உண்மை.

அன்றைக்கு உன்னோடு வந்த சிநேகிதிதான் முதலில் பேசினாள். "அண்ணா, கல்யாணத்துக்குக் கட்டறதுக்குப் பட்டு பாக்கணும்." நான் வேலைக்காரன், வாய் தானாக வேலையைச் செய்தது. "உக்காருங்கம்மா. யாருக்குக் கல்யாணம்?" நீ மெத்தையைப் பார்த்துக்கொண்டே சொன்னாய், "தங்கச்சிக்கு." அடுத்த கேள்வியைக் கேட்காமல் நாங்கள் புடவை எடுக்க முடியாது. பெண்ணின் அம்மாவுக்கு எடுக்கிறது வேறு, அத்தைக்கு வேறு, நாத்தனாருக்கு வேறு. பெண்ணை மிஞ்சவும் கூடாது, கூட்டத்தில் காணாமல் போகவும் கூடாது. "நீங்க பொண்ணுக்கு என்னா மொறை?" என்று கேட்டேன். தெரிந்தே கேட்டேன். நீ இப்போது நிமிர்ந்து என்னைப் பார்த்தாய். "அக்கா," என்றாய்.

பக்கத்து மெத்தைக்காரர் சின்ன வயதில் உனக்கு முறுக்கு வாங்கிக் கொடுத்தவர். அவருக்கு உன்னை அடையாளம் தெரியவில்லை. "பொண்ணுக்கு அக்கான்னா அந்த வாடாமல்லிய எடுத்துக் காட்டுபா, காலைலதான் பிரிச்சாங்க," என்று அவராகவே சொன்னார். வாடாமல்லி உடல், மெல்லிய மாம்பழ மஞ்சள் கரை, முந்தானையில் அளவாக ஜரிகை. நான் பார்த்த புடவைகளில் உனக்கு என்று நெய்தது அதுதான். எழுந்து நின்று என் மேல் போட்டுக் காட்டினேன். கண்ணாடியில் புடவையோடு நான், எனக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்து நீ. உன் சிநேகிதி, "சூப்பரா இருக்குதுடி, எல்லாரும் உன்னத்தான் பாப்பாங்க," என்றாள். நீ புடவையைப் பார்க்கவில்லை. கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்துக் கேட்டாய், "இதக் கட்டிக்கினு நான் வரலாமா?"

எங்கள் வேலையில் ஒரு சட்டம் இருக்கிறது. வாங்க வந்தவர் மெத்தையை விட்டு எழுந்திருக்கும் வரை அவர் முன்னால் விரித்த புடவையை மடிக்கக் கூடாது. மலை மாதிரி குவிந்து கிடந்தாலும் அப்படியே கிடக்க வேண்டும். உட்கார்ந்திருக்கிறவர் முன்னால் மடிப்பது, எழுந்து போ என்று சொல்வதற்குச் சமம். வேலைக்குச் சேர்ந்த அன்றே இதைச் சொல்லிக்கொடுத்தார்கள், இத்தனை வருடத்தில் நான் ஒரு நாளும் மீறியதில்லை. நீ கேட்டதும் தோளிலிருந்து முந்தானையை இறக்கினேன். உட்கார்ந்தேன். மடிக்க ஆரம்பித்தேன். வேண்டுமென்று செய்ததா, கை தானாகச் செய்ததா என்று இன்று வரைக்கும் எனக்குத் தெரியவில்லை, தெரிந்தும் பயனில்லை. பக்கத்து மெத்தைக்காரர், "இன்னாபா, அவங்க உக்காந்துக்கினு இருக்கும்போதே மடிக்கற?" என்றார். அவருக்கு அது வியாபாரத் தப்பு. உன் சிநேகிதிக்கு ஒன்றும் புரியவில்லை. உனக்குப் புரிந்துவிட்டது, நீ அந்த மெத்தையில் வளர்ந்தவள். எழுந்து, புடவையைச் சரி செய்துகொண்டு, "வரங்க," என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாய். கொசுவம் அப்போதும் எதிர்ப்பக்கம்தான் இருந்தது.

மறுநாள் கூரம் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் வந்தது. பெண்ணுக்கு அக்கா என்று ஒருத்தி கூடவே வந்திருந்தாள். அவளுக்கு வாடாமல்லியைக் காட்டினேன். வாசல் வெளிச்சத்தில் பார்த்துவிட்டு வந்து எடுத்துக்கொண்டாள். எனக்கு அவள் மேல் கோபம் வந்தது. பாவம், அவள் என்ன செய்வாள்? நான் வாங்கி ஒளித்து வைத்திருக்கலாமே என்று நீ கேட்கலாம். ஒளித்து வைத்த துணி நம் வீட்டில் என்ன ஆகும் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

உன் அம்மாவைத் தப்பாக நினைக்காதே என்று எழுத மாட்டேன். நினைத்துக்கொள். அவள் உன்னை நினைத்து அழாத நாள் இல்லை, ஆனால் பையனை நினைத்துத்தான் அழுகிறாள். நீ வந்து எதிரே நின்றாலும் அந்த அழுகை நிற்காது. உன்னை அழைக்கலாமா என்று பேசிப் பார்த்தேன். கல்யாணம் நின்றுபோனால் சின்னவள் கதி என்ன என்று கேட்டாள். காலம் மாறும், மனசு மாறும் என்று டிவியில் பேசுகிறார்கள். எங்கள் வயதில் எங்கள் தெருவில் அது மாறுவதை நான் பார்க்கப் போவதில்லை. என்னால் ஆகாது என்று சொல்வதற்கு வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் ஆகாது.

வெள்ளிக்கிழமை நம் வீட்டுக் கல்யாணத்துக்கே புடவை எடுக்க வந்தார்கள். அம்மா, உன் தங்கை, மாப்பிள்ளையின் அம்மா. முதலாளி மரியாதைக்கு என் மெத்தையிலேயே உட்கார வைத்தார். முகூர்த்தப் புடவை முடிந்தது, மயில் கழுத்தில் அரக்குக் கரை, உன் தங்கைக்கு நன்றாக எடுத்தது. அடுத்தது உறவுக்காரர்களுக்கு. எப்போதும் கேட்பதுதான், யோசிக்காமல் கேட்டுவிட்டேன், "பொண்ணுக்கு அக்கா தங்கச்சி யாருனா இருக்காங்களா?"

மாப்பிள்ளையின் அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். "நல்லா கேட்டீங்க சம்பந்தி. உங்க ஊட்டுல யார் இருக்காங்கன்னு எங்களக் கேக்கறீங்களே." அம்மா சிரிக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டாள். "பழக்கதோஷம்ங்க அவருக்கு. இவளுக்கு ஒரே அண்ணன்தான். துபாய்ல இருக்கறான், லீவு கெடைக்கல." நான் தலையாட்டினேன். உன் தங்கை முகூர்த்தப் புடவையின் ஓரத்தைச் சுருட்டிச் சுருட்டிப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

அந்த அம்மா நல்லவர்தான். "வர முடியலன்னாலும் மொறைய விடக் கூடாது. பொண்ணுக்கு அண்ணனுக்கு எங்க பக்கத்துல வேட்டி சட்டை வெச்சிடறோம். சட்டை சைஸ் என்னாங்க?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். "முப்பத்தெட்டு," என்றேன். யோசிக்கவே இல்லை, காலேஜில் சேர்ந்த வருடம் நான்தானே எடுத்துக் கொடுத்தேன். பட்டு வேட்டியும் சந்தன நிறத்தில் சட்டையும் அட்டைப்பெட்டியோடு இப்போது நம் பீரோவில் இருக்கிறது, அம்மாவின் புடவைகளுக்குப் பக்கத்தில்.

வீட்டுக்கு வரும்போது ஷேர் ஆட்டோவில் அம்மா முன்னால் டிரைவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்துவிட்டாள். நானும் உன் தங்கையும் பைகளை மடியில் வைத்துக்கொண்டு பின்னால். பாதி வழியில் அவள் அம்மாவுக்குக் கேட்காத குரலில், "அந்த சட்டை அக்காவுக்குச் சேராதுப்பா," என்றாள். எங்கள் வீட்டில் உன்னை அக்கா என்று ஒருத்தர் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. எப்படித் தெரியும் என்று கேட்டேன். போனில் உன் போட்டோ பார்த்தாளாம், எப்போதோ, யாரோ அனுப்பினதாம். உன் ஜாக்கெட் அளவு என்ன என்று அவளுக்குத் தெரியுமா என்று கேட்டேன். அவளுக்கும் தெரியவில்லை. அதற்குள் ஐயம்பேட்டை வந்துவிட்டது, பைகளை எடுத்துக்கொண்டு இறங்கினோம்.

அப்பா